மாரியின் குற்றமா?

எம் தம்பிக்கு மாரிகாலம் என்றால் உயிர். ஐப்பசியில் முதன்மழை விழுந்ததும் முற்றத்தில் ஒரு தகரப்பேணியை வைப்பான். காலைதோறும் அதில் நிறைந்த நீரை அடிமட்டத்தால் அளந்து கொப்பியிற் குறித்துக்கொள்வான். 2017ஆம் ஆண்டு மார்கழியில், பதினாறாம் வயதில், டெங்குக் காய்ச்சலால் அவன் இறந்தான். அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவர்களாகப் பதிவாகியிருந்தனர்.

அன்றுதொட்டு மழையொலி கேட்டதும் எம் அன்னையார் கதவைச் சாத்திவிடுவார். உறவினர் விதி என்றனர். அவன் நேசித்த பருவமே அவனைக் கொன்றதாயின், அப்பருவத்தை நாம் நேசித்தல் தகுமோ?

பண்டைத் தமிழர் முல்லைத்திணைக்குக் கார்காலத்தை வகுத்தனர். பிரிந்தவன் மீள்வான் என ஆற்றியிருத்தற்குரிய காலம் அது. மீளாதவரை எண்ணி இரங்குதலையோ கையறுநிலை என்றனர். செயலற்று நிற்றல் என்பது அச்சொல்லின் பொருள். நாமும் சில ஆண்டுகள் அவ்வாறே நின்றோம்.

ஆயின் மழை எவரையும் கொல்லவில்லை. ஏடிஸ் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டி, வறட்சியிற் பல மாதங்கள் கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கின்றது. பின்னர் ஒரு வாரம் பத்து நாளில் அது நுளம்பாகிவிடும். அதற்கு வேண்டியது தேங்கிய நீரே. வெறுங்காணியில் எறியப்பட்ட டயரும், வளவிற் கிடக்கும் சிரட்டையும், அள்ளப்படாத ஒழுங்கைக் குப்பையும் விதி செய்தவை அல்ல, மனிதர் செய்தவை.

உண்மையைச் சொல்லல் வேண்டும். பரீட்சை நெருங்கிய அந்தக் கார்த்திகையில் தம்பியின் பேணியைக்கூட எம் வீட்டில் எவரும் கவிழ்க்கவில்லை. எந்த நீரிற் பிறந்த நுளம்பு அவனைக் கடித்ததென்று அறியோம். அவ்வறியாமை எம்மை விடுவிக்காது. குற்றம் முழுவதையும் எம் தலையில் ஏற்றவும் மாட்டாது. ஊரார் பலரும் சேர்ந்து செய்த பிழைக்கு ஊரார் சேர்ந்தே கழுவாய் தேடல் வேண்டும். அழுகை மட்டும் நினைவாகாது.

இவ்வாண்டு ஐப்பசியில் முற்றத்தில் மீண்டும் ஒரு பேணியை வைத்தோம். காலையில் அளந்து, அவனது கொப்பியிலேயே குறிக்கின்றோம். பேணியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விடுமுறை நாட்களில் அயலவரோடும் மாணவரோடும் ஒழுங்கையைத் துப்புரவாக்கச் செல்கின்றோம். சென்ற வாரம் அன்னையார் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இண்டைக்கு எவ்வளவு மழை?" என்று கேட்டார்.