கடல் மட்டத்துக்கு மேல்

காரை. பெரம்பலூர் மாவட்டம். பிற்பகல்.

வெடித்துக் கிடக்கும் களிமண். இடையிடையே ஜிப்சம் தகடுகள் மின்னுகின்றன.

காலடியில் ஒரு சிப்பித் துண்டு. சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இங்கே கடல்.

•

மேலே ஒரு விமானம். திருச்சியில் இறங்கப் போகிறது போலும். சத்தம் பிந்தி வருகிறது.

•

பழைய உயரமானிக்குள் காற்று நீக்கிய உலோகக் கூடு ஒன்று. மேலே ஏற ஏற வெளியே அழுத்தம் குறைகிறது. கூடு மெல்ல உப்புகிறது. பல்சக்கரங்கள் அந்த உப்பலை முள்ளிடம் சேர்க்கின்றன. ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறக்குறைய 30 அடி.

எண்ணிக்கை கடல் மட்டத்திலிருந்து. அழுத்தமோ வேளைக்கு வேளை மாறுகிறது. இறங்குமுன் கட்டுப்பாட்டுக் கோபுரம் அப்போதைய அழுத்தத்தைச் சொல்கிறது. விமானி குமிழைத் திருகுகிறார். முள் இடம் மாறுகிறது. விமானம் அதே இடத்தில்தான்.

இந்தச் சிப்பியின் கடல் எந்தக் கணக்கிலும் இல்லை.

•

கண்ணை மூடுகிறேன்.

காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள். உள்ளே திரவம். விமானம் ஒரே சாய்வில் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவம் அடங்கிவிடுகிறது. நேராகப் போவதாகத் தோன்றுகிறது. நிமிர்த்தினால், மறுபக்கம் சாய்வதாகத் தோன்றுகிறது.

உடம்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடக்கப் பழகிய உடம்பு.

•

செயற்கைத் தொடுவானம். மேல்பாதி நீலம். கீழ்ப்பாதி பழுப்பு. நடுவே ஒரு கோடு. கோட்டைப் பிடித்து வைத்திருப்பது, சுழலும் ஒரு கைரோஸ்கோப்.

1978 ஜனவரி 1. பம்பாய். இரவு. ஏர் இந்தியாவின் போயிங் 747, ‘எம்பரர் அசோகா’. கீழே இருண்ட கடல், மேலே இருண்ட வானம். விமானம் நிமிர்ந்துவிட்டது. கேப்டன் முன்னால் உள்ள கருவி மட்டும் வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருக்கிறது. அவர் இடப்பக்கம் சாய்க்கிறார். இன்னும் சாய்க்கிறார்.

துணை விமானியின் கருவி சரியாக இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது.

புறப்பட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை. 213 பேர்.

•

காற்று. வேலிக்கருவை அசைகிறது.

•

சட்டைப்பையில் போன். அதற்குள்ளும் ஒரு முடுக்கமானி, நெல்மணியைவிடச் சிறியது. சாய்க்கிறேன். படம் திரும்புகிறது. கீழே எது என்று அதற்குத் தெரிகிறது.

•

நிலவில் காற்று இல்லை. உலோகக் கூடு அங்கே உப்பிய வாக்கில் அப்படியே கிடக்கும். வேகம் காட்ட, பிட்டோ குழாயில் மோதும் எதிர்க்காற்றும் கிடையாது.

சந்திரயான்-3 லேண்டர் லேசரையும் ரேடியோ அலையையும் கீழே அனுப்புகிறது. அவை திரும்பிவரும் நேரம்தான் உயரம். வேகத்துக்கு லேசர் டாப்ளர் வேகமானி. சந்திரயான்-2இல் அது இல்லை.



எண்ணிக்கொண்டு இறங்க அங்கே கடல் மட்டம் இல்லை. நேர்கீழே உள்ள தரைதான்.

•

2023 ஆகஸ்ட் 23. தரைக்கு 150 மீட்டர் மேலே லேண்டர் சற்று நிற்கிறது. கேமரா கீழே குழியையும் பாறையையும் தேடுகிறது. பிறகு இறங்குகிறது. இந்திய நேரம் மாலை 6.04.