நாளைக்கு ஸ்கூல் உண்டா?

அமெரிக்காவில் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று உண்டு. டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம்மூர் கலெக்டர் ஆபீஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஊரின் அல்லது பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பள்ளிக்கூடங்களை மட்டும் நடத்துகிற தனி நிர்வாகம் அது. பெரும்பாலும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற போர்டு, உள்ளூர் வரி, மஞ்சள் பஸ், சமையல்கூடம் எல்லாம் தனி. நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன.

டிசம்பர் பிறந்தால் இவர்கள் பெற்றோருக்கு அனுப்பும் செய்தி மடலைப் பார்க்க வேண்டும். நம்மூர்த் திருவிழா நோட்டீஸ் தோற்றது. பிள்ளைகளின் பாண்டு வாத்தியக் கச்சேரி எந்தக் கிழமை, பாஸ்கெட்பால் மேட்ச் எத்தனை மணிக்கு, சின்னதாகிப் போன கம்பளிக் கோட்டுகளை எங்கே கொண்டுவந்து போடலாம் (துவைத்துக் கொடுங்கள், ப்ளீஸ்!), குல்லாய், கையுறையில் மறக்காமல் பெயர் எழுதி அனுப்புங்கள்... எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கட்டம். 'பனி காரணமாகப் பள்ளி மூடப்பட்டால் உங்களுக்கு எப்படித் தெரிவிப்போம்.'

படிக்கச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? எனக்கென்னவோ அந்த மடலிலேயே கனமான விஷயம் அதுதான் என்று படுகிறது.

ஏனென்றால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனுஷன் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு சூப்பரின்டெண்டென்ட் என்று பெயர். டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி. பனி வரும் என்று ரேடியோ சொன்ன ராத்திரி, மூன்றரை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பஸ் பிரிவு ஆட்கள் இருட்டிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய், எந்த மேட்டில் டயர் வழுக்குகிறது, எந்தப் பாலத்தில் ஐஸ் கட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். வானிலை ஆபீஸுக்கு ஒரு போன். பக்கத்து டிஸ்ட்ரிக்ட்காரருக்கு ஒரு போன். அஞ்சு, அஞ்சரைக்குள் சொல்லியாக வேண்டும். தாண்டினால் முதல் பஸ் கிளம்பிவிடும்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கும் தெரியுமா? பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். அப்படிச் செய்தால் காலையில் லீவு நிச்சயமாம்! மூடநம்பிக்கை நமக்கு மட்டுமே சொந்தம் என்று யார் சொன்னது?

சரி, அவர் 'லீவு' என்று அறிவித்துவிட்டார். விடிந்து பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஊரே சிரிக்கும். 'ஸ்கூல் உண்டு' என்று அறிவித்துவிட்டார். எட்டு மணிக்குப் பனி கொட்டித் தீர்க்கிறது. ஊரே திட்டும். மழைக் காலத்து நம்மூர் கலெக்டர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகவே புரியும்.

நியூயார்க்கில் இது ஒரே மேயர் தலையில் ஒரு வருஷத்துக்குள் ரெண்டு விதமாகவும் விடிந்தது. 2014 பிப்ரவரி 13. பனிப்புயல். மேயர் பில் டி ப்ளாசியோவும் கல்வித் தலைவர் கார்மென் ஃபரீன்யாவும் பள்ளிகளைத் திறந்தே வைத்தார்கள். நிறையப் பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு கிடைப்பதே ஸ்கூலில்தான் என்பது ஃபரீன்யா சொன்ன காரணங்களில் ஒன்று. அன்றைக்கு வந்தது பாதிக்கும் குறைவான பிள்ளைகள். டி.வி.யில் வானிலை சொல்பவர் உட்பட ஆளாளுக்கு வறுத்தெடுத்தார்கள்.

அடுத்த ஜனவரி. சரித்திரம் காணாத பனி, ரெண்டடிக்கு மேல் கொட்டும் என்றார்கள். 27-ம் தேதி பள்ளிகளுக்கு லீவு. முந்தின ராத்திரியே மாநில கவர்னர் சப்வே ரயிலைக்கூட நிறுத்திவிட்டார். புயல் என்ன செய்தது? கொஞ்சம் கிழக்கே நகர்ந்து போய்விட்டது. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் பத்தங்குலம். 'இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று மறுபடியும் வறுத்தார்கள். வானிலை அதிகாரி ஒருவர் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டார்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். 2015-ல் மூடியது தப்பா?

ராத்திரி கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் மூடியதுதான் சரி. காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தவருக்கு அது அசட்டுத்தனம். முடிவு எடுத்தவரிடம் அந்த ஜன்னல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நாம் தீர்ப்புச் சொல்வது எப்போதும் ஜன்னலைத் திறந்த பிறகுதான்.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற ரெண்டு தத்துவப் பேராசிரியர்கள் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார்கள். 'மாரல் லக்' என்று அதற்குப் பெயர். அதிர்ஷ்டம் நம் நல்லது கெட்டதையே தீர்மானிக்கலாமா என்பது கேள்வி. நேகல் சொல்லும் லாரி டிரைவர் கதை எளிமையானது. பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி எடுக்கிறார் ஒருவர். குறுக்கே ஒரு குழந்தை வந்துவிடுகிறது. அவர் ஆயுசுக்கும் குற்றவாளி. அதே மாதிரி பிரேக் பார்க்காமல் இன்னொருவரும் வண்டி எடுக்கிறார். குறுக்கே யாரும் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறார். அலட்சியம் ஒன்றுதான். குழந்தை வந்ததும் வராததும் இவர்கள் கையிலா இருந்தது?

இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. பனியிலேயே இதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது.

1888 ஜனவரி 12. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளி. காலையில் இதமான வெயில். பிள்ளைகள் கனத்த கோட்டுகூட இல்லாமல் ஸ்கூலுக்குப் போய்விட்டன. திடீரென்று பனிப்புயல் வந்து இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. செத்தவர்கள் 235 பேர் என்கிறது ஒரு மதிப்பீடு. நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால், 'பள்ளிக்கூடப் பனிப்புயல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

நெப்ராஸ்கா மாநிலத்தில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் டீச்சர். புல்மண் கட்டியால் எழுப்பிய சின்னப் பள்ளிக்கூடம். காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு வெளியே இறங்கி நடந்தார். அரை மைலோ ஒரு மைலோ, ஒரு வீட்டை அடைந்துவிட்டார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவரைப் பற்றிப் பாட்டே வந்தது. கயிற்றில் கட்டி அழைத்துப் போனார் என்று கதைகூடச் சேர்ந்துகொண்டது.

அதே நாள், அதே மாநிலம், ப்ளெய்ன்வியூ என்ற இடம். லோயிஸ் ராய்ஸ் என்ற டீச்சர், கூட மூன்று பிள்ளைகள். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அடுப்புக்குப் போட எதுவும் மிச்சமில்லை. அவர் தங்கியிருந்த வீடு நூறு கஜம்கூட இல்லை. அழைத்துக்கொண்டு கிளம்பினார். நூறு கஜத்துக்குள் வழி தவறிவிட்டது. ஒன்பது வயதில் ரெண்டு பையன்கள், ஆறு வயதில் ஒரு பெண்குழந்தை. மூன்றும் குளிரில் விறைத்து இறந்துபோயின. டீச்சர் பிழைத்தார். பாதங்களை வெட்ட வேண்டியதாயிற்று.

உள்ளே இருந்தால் சாவு, அதனால் வெளியே போவோம் என்ற முடிவுதான் ரெண்டு பேருக்கும். சொல்லப்போனால் ராய்ஸ் போக வேண்டிய தூரம்தான் ரொம்பக் குறைவு. காற்றும் கண் மறைவும்தான் வேறு கணக்குப் போட்டுவிட்டன.

'ஆக, பலனைப் பார்த்து யாரையும் எடை போடக்கூடாது' என்று இங்கேயே முடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய், 'டீச்சர் அன்றைக்கு எடுத்த முடிவு நியாயமானதும்மா' என்று சொல்லிப் பாருங்கள், வாய் வராது. வில்லியம்ஸும் இதை விடவில்லை. தன் மேல் தப்பே இல்லாத டிரைவர்கூட, 'என் வண்டியில்தானே...' என்று தவிப்பார், தவிக்கவும் வேண்டும் என்கிறார். 'என் தப்பில்லையே' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவரை நமக்கும் பிடிக்காது. எனவே பலன் என்பது துடைத்துப் போட்டுவிடக்கூடிய விஷயமில்லை. தவிப்பு வேறு, தண்டனை வேறு என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த வழி. ராய்ஸ் தவிப்பார். அந்தத் தவிப்பை நியாயம் என்று சொல்வேன். அவரைத் தண்டிக்க நமக்கு என்ன யோக்கியதை?

தண்டிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று உறைக்கும்.

பள்ளியைத் திறந்து ஒரு பஸ் கவிழ்ந்தால் அது பேப்பரில் வரும். மூடியதால் நேரும் நஷ்டத்துக்கு வவுச்சரே கிடையாது. மணிக்கணக்கில் கூலி வாங்கும் அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலைக்கு மட்டம் போட்டு அன்றைய சம்பளத்தை இழக்கிறாள். ஸ்கூலில் இலவசமாகக் காலை டிபனும் மத்தியானச் சாப்பாடும் சாப்பிடுகிற பிள்ளை, வீட்டில் சிப்ஸ் பொட்டலத்தோடு நாளை ஓட்டுகிறது. அமெரிக்காவில் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946-லேயே வந்துவிட்டது. அதை நம்பி வாழும் குடும்பங்கள் அத்தனை காலமாக இருக்கின்றன. ஆனால் பனி லீவன்று பசித்த குழந்தையைப் பற்றி யாராவது தலைப்புச் செய்தி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

திட்டுக்குப் பயந்த அதிகாரி என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் மூடிவிடுவார். அவர் சம்பளம் குறையாது. அவரைத் திட்டக்கூடிய வசதியான அப்பா வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்வார். கிட்டத்தட்ட இன்ஷூரன்ஸ் மாதிரிதான். பாலிசி அதிகாரியின் பெயரில், பிரீமியம் கட்டுவது மட்டும் வாய் திறக்காத ஏழை வீடு.

திறப்பதே சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014 ஜனவரி 28-ம் தேதி அட்லாண்டாவில் திறந்தார்கள். மூன்று அங்குலம்கூடப் பனி விழவில்லை. மத்தியானம் ஸ்கூலும் ஆபீஸும் ஒரே நேரத்தில் விட, மொத்த ஊரும் ரோட்டில் சிக்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி ஸ்கூல் ஹாலிலேயே படுத்துத் தூங்கின. அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் பனி விழுந்தது' என்பதல்ல. எச்சரிக்கை எப்போது வந்தது, யார் கையில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான். தணிக்கைக்காரர் கேட்பாரே, அந்த மாதிரி.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பனி என்றால் வீட்டிலிருந்தே பாடம் என்கிறார்கள். 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் அப்படித்தான் செய்தது. நிறையப் பேருக்கு லாகின் ஆகவே இல்லை. ஆகியிருந்தாலும் லேப்டாப்பில் சாப்பாடு வராது.

1888-க்கு வருகிறேன். புயல் ஓய்ந்ததும் 'ஒமாஹா பீ' என்ற பத்திரிகை வீரப் பெண்மணிகளுக்கென்று ஒரு நிதி திரட்டியது. தூர தூரத்திலிருந்தெல்லாம் பணம் வந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றிய மின்னி ஃப்ரீமன் பெயர் அதில் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்ற முடியாமல் போன லோயிஸ் ராய்ஸ் பெயரும் அதே பட்டியலில் இருந்தது.