மணப்பந்தரும் விருந்தினர் உடையும்

திருவள்ளுவ நாயனார் விருந்தோம்பல் என்னும் ஒன்பதாம் அதிகாரத்தை இல்லறத்தானை நோக்கியே அருளிச்செய்தார். விருந்தாய் வருவோன் எவ்வாறு வருதல் வேண்டுமென்பதற்குத் தனியே ஓரதிகாரம் வகுத்தாரல்லர். அதனை நம்மூர்க் கலியாண வழக்கங்களே கற்பித்துவந்தன. மணவறையை அணுகுமுன் பாதரட்சையைக் கழற்றுதல், சந்தனமும் பன்னீரும் மறாது ஏற்றல், மாதர் கறுப்புச் சேலையைத் தவிர்த்தல், மணமகளின் கூறையை விஞ்சும் பட்டை உடாமை, அறுகரிசியிட்டு வாழ்த்துதல் முதலாயின எழுதாச் சட்டங்கள். இவற்றை மரியாதை என்கின்றோம். ஒரு துணியை உடுத்தலும் களைதலும் மரியாதையாவது எங்ஙனம்?

மிஷன் பாடசாலையிற் பயின்ற எம்போல்வார்க்கு இவ்வினா இளமையிலேயே எழுந்ததொன்று. தேவாலயத்துட் புகும் ஆடவர் தொப்பியைக் கழற்றுவர்; சப்பாத்தைக் கழற்றார். நம் மணவறையிலோ மாப்பிள்ளை தலைப்பாகையோடு வீற்றிருப்பான். சப்பாத்தோடு ஒருவரும் ஏறார். ஒருவர்க்குத் தலை, மற்றையோர்க்குக் கால். ஆதலின் மரியாதை துணியிலும் இல்லை, உறுப்பிலும் இல்லை என்பது தெளிவு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுள் ஆடவர் மேற்சட்டை களைந்தே புகுவர். நீதவானும் கூலியாளும் திறந்த மார்போடு அருகருகே நிற்றலின் அங்கே நாணுவார் ஒருவருமிலர்.

அத்திறந்த மார்பே இந்நாட்டில் நெடுங்காலம் இழிவின் அடையாளமாயும் இருந்தது. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட குலத்து ஆடவர் தோளிற் சால்வை இடலாகாது, அவர்தம் மாதர் மேலாடை அணியலாகாது, நகை பூணலாகாது என்றெல்லாம் தடுக்கப்பட்டனர். கலியாணப் பந்தருக்கு வெள்ளை கட்டியவரும், மணமக்கள் நடத்தற்கு நிலபாவாடை விரித்தவரும் சலவைத் தொழிலாளரே. பந்தருக்கே ஆடை உடுத்திய அவர்கள் அதனுள்ளே விருந்தினராய்ச் சமமாக அமரப்பெற்றிலர். திருவிதாங்கூரிலே 1859ஆம் ஆண்டு நாடார் குல மாதர்க்கு மேலுடம்பை மூடும் உரிமையை அரசர் பிரகடனஞ் செய்தபோதும், உயர்குல மாதர் உடுக்கும் முறையில் உடுத்தலாகாதென்னும் தடையை உடன்வைத்தார். உடம்பு மூடப்படுவதன்று, ஒப்பாதலே அவர்கட்குப் பொறாததாயிற்று என்பது இதனாற் புலனாம். குலங் காரணமாக ஒருவரைத் தடைசெய்தல் இலங்கையிற் குற்றமென்று 1957ஆம் ஆண்டிற் சட்டம் வந்தது.

சால்வையைக் கோயிலில் இடுப்பிற் கட்டுதல் பக்தி. அயலானுக்கஞ்சி வீதியில் இடுப்பிற் கட்டுதல் இழிவு. சால்வையும் ஒன்று, கட்டும் இடமும் ஒன்று. வேறுபாடு யாதெனின், முன்னது மனமொப்பிச் செய்வது, பின்னது கட்டாயத்தாற் செய்வது என ஒருசாரார் விடைகூறுவர். அவ்விடை போதாது. பிறந்தநாள் தொட்டுப் பணிந்து பழகியவன் தானும் மனமொப்பியே செய்வதாகக் கூறுவான்; அவன் வாய்ச்சொல் கொண்டு அதனை மரியாதை என்றல் அமையாது. அவ்விதி விதித்தவனையும் அவ்வாறே பிணிக்கின்றதா என்று வினாவுதலே தக்கது.

அங்ஙனமாயின் எல்லார்க்கும் பொதுவான விதி எதுவும் நன்றாமோ? அதுவும் அன்று. உறவு மாதரெல்லாம் இன்ன நிறத்துப் பட்டே உடுத்தல் வேண்டுமென்று கலியாண வீட்டார் சொல்லியனுப்பும் வழக்கம் இப்பொழுது பரந்துள்ளது. சேலையைத் தாமே வாங்கிக் கொடுப்பாராயின் அது வேறு. கொடாதவிடத்து, அவ்விதி சொல்லளவில் எல்லார்க்கும் ஒன்றாயினும் சுமையளவில் ஒன்றன்று. சப்பாத்தைக் கழற்றுதற்கு ஒருவர்க்கும் ஒரு சதமும் செலவில்லை. பட்டு அப்படியா? இரவல் நகையும் கடன் சேலையுமாய்ப் போவார் சிலர். காய்ச்சலென்று சொல்லி அயலார் கையிற் பரிசைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருப்பார் சிலர். தோழியின் அக்காள் கலியாணத்துக்கு எந்தப் பிள்ளை போகவில்லை, ஏன் போகவில்லை என்பதை வகுப்பாசிரியர் அறியாதிருத்தல் அரிது.

இனி, எல்லாரும் எளிய உடையே உடுப்போமெனின், 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்த காலத்திலே கதர் போற்றிய வாலிபரும் ஏறக்குறைய இதனையே எண்ணினர். நல்லெண்ணமே. ஆயினும் எளிமையும் ஒரோவழி அவமதிப்பாதலுண்டு. செல்வர் வீட்டுக் கலியாணத்துக்குப் பட்டுச் சால்வையோடு செல்லும் ஆசிரியர், தம் வறிய மாணாக்கன் வீட்டுக்குப் பள்ளிக்கூடத்து வேட்டியோடே போய்த் தலைகாட்டி மீள்வராயின், அவ்வீட்டார் அதனை எளிமையென்று கொள்ளார். கிடுகுப் பந்தருக்கன்றோ நல்ல வேட்டியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்! வறியவன் தன்னை மதித்து வந்தாரென்பதை அதனாலேயே அறிவான்.

ஆடை நெகிழ்ந்தவனுக்கு அவன் கை உதவும் விரைவையே நட்புக்கு உவமையாக்கினார் நாயனார். பந்தரிலே அக்கையின் தொழிலைச் செய்தற்கு ஆசிரியர்க்கு வாய்ப்புகள் பல. உடன் கற்பிப்பாரின் கலியாணத்துக்கு ஆசிரியைமார் ஒரேவிதச் சேலையிற் செல்லக் கருதுவாராயின், சேலையின் விலையைப் பேசத்தொடங்கும்போது, நிரந்தர நியமனம் பெறாத தொண்டர் ஆசிரியையைத் தனியே முன்னர்க் கேட்டறிந்துகொள்க. அவர் சொல்லும் தொகைக்குமேல் மற்றையோர் வாய்திறவாதிருத்தல் வேண்டும்; அது நூற்சேலைக்கே போதுமாயின் நூற்சேலையிலேயே போகலாம்.