கதைக்குள் பெய்யும் மழை

மண்ணாங்கட்டியும் காய்ந்த இலையும் காசிக்குப் புறப்பட்ட கதையில் ராஜா இல்லை, அரக்கன் இல்லை. காற்றடித்தால் மண்ணாங்கட்டி இலைமேல் உட்கார்ந்துகொள்கிறது. மழை வந்தால் இலை மண்ணாங்கட்டியை மூடிக்கொள்கிறது. கடைசியில் காற்றும் மழையும் சேர்ந்தே வருகின்றன; இலை பறந்துவிடுகிறது, மண்ணாங்கட்டி கரைந்துவிடுகிறது. இரண்டையும் பத்திரமாகக் காசியில் சேர்த்து முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இழப்பைத் தாங்கத் தெரியும்.

*

தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். மரம், பறவை, தெய்வம், தொழில் எல்லாம் அதற்கப்புறம். கார்காலமும் மாலையும் வந்த பிறகே முல்லையில் ஒருத்தி காத்திருக்க முடிகிறது. பிள்ளைகளுக்குக் கதை கட்டும்போது நானும் அந்த வரிசையில்தான் போகிறேன். வெயிலா, பனியா, காற்றா என்பது முதலில். யார் வருகிறார்கள் என்பது பிறகு.

*

தருமபுரியில் பாதிக் கதை மழை வராமல் இருப்பதுதான். கேழ்வரகும் சாமையும் வானத்தை நம்பி விதைக்கிற மானாவாரிச் சீமை இது. மழை பொய்த்தால் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுப்பார்கள். கொடும்பாவி கட்டித் தெருவில் இழுத்து ஒப்பாரி வைப்பார்கள். அழுகுரல் கேட்டால் மழைக்கு மனசு இளகும் என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மழையை ஓர் ஆளாக நினைத்துப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வகுப்பில் கதை சொல்லும்போது, உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினால் தூறல். இரண்டு, மூன்று என்று விரல்கள் கூடக்கூட மழை வலுக்கும். வகுப்பு முழுக்கத் தட்டும்போது ஓட்டுக்கூரை மேல் கொட்டுவது போலவே இருக்கும். சத்தம் உச்சிக்கு ஏறும் நேரத்தில் கையைத் தூக்கி நிறுத்துவேன். “மேகம் கலைஞ்சு போச்சு.” பின்வரிசையிலிருந்து “அய்யோ” என்று வரும். பயிர் வாடுவதை வீட்டில் பார்த்த பிள்ளையின் குரல் அது. அதற்குமேல் விளக்கம் சொன்னால் கதை கெட்டுவிடும்.

*

பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிறுமி சொன்னது: “மழை பேயல. ஆத்துல வெள்ளம் வந்துருச்சு. அப்பாவுக்கு வேலை இல்ல.”

மூன்று வாக்கியம், முழுக்கதை. அவள் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். ஆடியில் ஊருக்குள் புழுதிக்காற்றுதான் அடிக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளை நிரப்பி, பிலிகுண்டுலு வழியாகச் செந்நிறத்தில் இங்கே வந்து சேரும். நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. எங்கேயோ பெய்த மழை இங்கே ஒரு வீட்டின் அடுப்பைத் தொடுகிறது.

அந்தக் கதையைப் பின்னோக்கிச் சொல்லும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். ஒகேனக்கல் அருவியிலிருந்து ஆளுக்கோர் இடமாக மேலே ஏறினார்கள். அணையின் மதகைத் திறந்தவர் வந்தார், பாலத்தில் நின்று வெள்ளம் பார்த்தவர் வந்தார், கடைசியில் குடகுக் காப்பித் தோட்டத்தில் நனைந்துகொண்டிருந்த ஒரு பையன் வந்தான். அவனிடம் என்ன சொல்வது என்பதில் பெரிய சண்டை. “நிறுத்தச் சொல்லு” என்றது ஒரு கூட்டம். “வேணாம், கீழ மேட்டூருக்குத் தண்ணி வேணும்” என்றது இன்னொன்று. பாடப்புத்தகத்தின் நீர்ச்சுழற்சிப் படத்தைப் பார்த்து இப்படிச் சண்டை போட்டதை நான் கண்டதில்லை.

*

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்தபோது, இதே தருமபுரியின் அரூரில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காத்திருந்து வரவேற்கிற மழையல்ல அது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது எல்லா மழையையும் விருந்தாளியாக அழைத்துவர எனக்கு மனம் வருவதில்லை. தண்ணீர் ஏறும் முன்பே, ஆட்டுக்குட்டி எங்கே ஏறிக்கொள்ளும் என்று அவர்களையே கேட்கிறேன். பள்ளிக்கூடத்து மாடி, கோயில் மண்டபம் என்று சொல்கிறார்கள். இடம் முடிவான பிறகுதான் முதல் இடியை இடிக்க விடுகிறேன்.