புகைக்குத் தொட்டி இல்லை

உருகிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்ப்பதற்காக டீசல் எரித்துக்கொண்டு போவது சரியா? நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து நானும் மனைவியும் பத்து நாள் சுற்றியபோது எங்களுக்குள் ஓடிய விவாதம் இதுதான். இதற்குச் சட்டென்று வருகிற இரண்டு பதில்களுமே எனக்குப் போதவில்லை. "ரெண்டு பேர் போறதால என்ன ஆகிடப்போகுது?" என்பது ஒன்று. "அப்படின்னா வீட்டுலயே கெடக்க வேண்டியதுதான்" என்பது இன்னொன்று. முதலாவது நம்மைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறது. இரண்டாவது, யாராலும் கடைப்பிடிக்க முடியாத ஒன்றைச் சொல்லிக் கேள்வியை மூடிவைக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ஒரு படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சின்ன சிங்க், ஒரு கழிப்பறை. அந்த நாட்டில் பல ஊர்களில் பொது இடத்தில் வண்டியை நிறுத்தி இரவு தூங்க வேண்டுமென்றால் அது ‘செல்ஃப் கன்டெய்ன்டு’ என்ற சான்று பெற்றிருக்க வேண்டும். அதாவது, உள்ளே இருப்பவர்களுக்கு மூன்று நாளுக்கான நல்ல தண்ணீரும், அந்த மூன்று நாளில் அவர்கள் உண்டாக்கும் கழிவு முழுவதையும் வைத்துக்கொள்ளத் தொட்டிகளும் வேண்டும். தண்ணீர்க் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். 2023இல் வந்த சட்டம் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று இன்னும் இறுக்கியது. தொட்டி நிறைந்ததும் அதற்கென்று இருக்கிற டம்ப் ஸ்டேஷனில் கொண்டுபோய் நாமே காலி செய்ய வேண்டும்.

இதைச் செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் நாம் எவ்வளவு சொகுசான மறதியில் வாழ்கிறோம் என்று. ஒரு பொத்தானை அழுத்தினால் நம் கழிவு நம்முடையதாக இல்லாமல் போய்விடுகிறது. வண்டியிலோ மூன்றாம் நாள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது. கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்றவர்களுக்கு இது புதிய பாடம் இல்லைதான். ஆனால் அங்கே அது பற்றாக்குறை, இங்கே அது ஒழுங்கு. நீ வாழ்ந்ததன் மிச்சத்தை இன்னொருவர் ஊரில் விட்டுவிட்டுப் போகாதே என்கிற ஒழுங்கு.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்த வண்டியில் தொட்டி இல்லை. புகைக்கு.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிளம்பி, 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆர்தர்ஸ் பாஸ் கணவாயில் மலையைக் கடந்து, மேற்குக் கடற்கரையில் இறங்கி, தெற்கே ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு வரை ஏறக்குறைய 390 கிலோமீட்டர். எங்கள் வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் டீசல் குடித்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. கணக்குப் போட்டால் நூறு கிலோவுக்கு மேல் வருகிறது, என் உடம்பின் எடையைவிட அதிகம். பல் தேய்த்த தண்ணீரைக்கூட மூன்று நாள் பத்திரமாகச் சுமந்த நாங்கள் இதைப் பின்னால் விட்டுக்கொண்டே போனோம். யாரும் கேட்கவில்லை. அது நாறவும் இல்லை.

ஃபிரான்ஸ் ஜோசஃப் எப்போதும் ஒரே திசையில் போன பனியாறு அல்ல. 1980களிலும் 90களிலும் அது முன்னேறிக்கூட வந்தது. 2008க்குப் பிறகு வேகமாகப் பின்வாங்கியது. 2012 முதல் பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே பனிமேல் ஏறும் வழியும் நின்றுபோனது. இப்போது பனிமேல் கால்வைக்க வேண்டுமென்றால் ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். பனி பின்வாங்க, அதைத் தொட எரிக்கும் எண்ணெய் கூடுகிறது. எங்கள் சண்டை இங்கேதான் வந்தது.

அவளுக்குப் போக ஆசை. "இன்னும் இருபது வருஷம் கழிச்சு வந்தா இது இருக்குமோ இருக்காதோ" என்றாள். எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. "நாம ஏறலைன்னாலும் அது பறக்கத்தான் போகுது" என்றாள். பிறகு, நான் இன்றுவரை முழுதாகப் பதில் சொல்லி முடிக்காத ஒன்றைக் கேட்டாள்: "இவ்வளவு தூரம் ஃபிளைட்ல வந்தாச்சு. இந்த அரை மணி நேரத்துக்குத்தான் உனக்கு மனசாட்சி வருதா?"

அவள் சொன்னதில் முதல் பாதியைத் தத்துவத்திலும் சொல்லியிருக்கிறார்கள். வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2005இல் ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மதியம், வெறும் சந்தோஷத்துக்காக, அதிகம் பெட்ரோல் குடிக்கும் காரை ஓட்டுவது தவறா என்பது கேள்வி. ஒவ்வொரு அறக்கொள்கையாக எடுத்துப் பார்த்துவிட்டு, இது தவறு என்று நிரூபிக்க எதனாலும் முடியவில்லை என்கிறார். அந்த ஒரு காரால் ஒரு புயலும் வராது. கடமை அரசுகளுக்குத்தான், நாம் செய்ய வேண்டியது அரசுகளைச் செய்யவைப்பது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் டெரக் பார்ஃபிட் 1984இல் சொன்ன கற்பனை இருக்கிறது. ஆயிரம் வதையாளர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கைதியின் கருவியையும் ஒரே ஒரு புள்ளி மட்டும் திருப்புகிறார்கள். ஒருவர் திருப்புவதைக் கைதியால் உணரவே முடியாது. ஆயிரம் பேரும் திருப்பி முடித்ததும் வலி தாங்க முடியாததாகிவிடுகிறது. இதில் யார் குற்றவாளி? ‘நான் திருப்பியது உணரக்கூட முடியாத அளவு’ என்று ஆயிரம் பேருமே உண்மையாகச் சொல்லலாம். ஆகவே அந்த உண்மை யாரையும் விடுவிக்காது.

நமக்கு இது பழக்கமான கணக்குதான். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொல்கிறார், அளவுக்கு மீறினால் அதற்கும் அச்சு முறியும் என்று. நான் அதில் இப்போது கவனிப்பது வேறொன்று. எந்த இறகு முறித்தது என்று அங்கே யாரும் தேடுவதில்லை. கேள்வி அளவைப் பற்றியது. எவ்வளவு ஏற்றலாம் என்று யார் சொல்வது?

ஹொக்கிடிக்கா பக்கத்துக் கடற்கரைகளில் அதற்கு ஒரு பதில் இருந்தது. அங்கே பௌனாமு என்ற பச்சைக்கல் கிடைக்கும். அது சட்டப்படி ஙாய் தஹு மக்களுக்குச் சொந்தம். (தமிழில் ‘ங’வில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இவர்கள் பெயரே அதில் தொடங்குகிறது.) ஆனாலும் மேற்குக் கடற்கரை மணலில் பொறுக்கிக்கொள்ள எல்லோரையும் அனுமதிக்கிறார்கள். ஒரே நிபந்தனை, ஒரு நாளில் ஓர் ஆள் உதவியில்லாமல் சுமக்கக்கூடிய அளவுதான் எடுக்கலாம். நம் உடம்பே அங்கே தராசு.

கழிவுத் தொட்டியும் அப்படித்தான். கைக்கும் முதுகுக்கும் தெரிகிற அளவுகளை நாம் பெரிதாக முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். புகை உடம்புக்குத் தெரிவதில்லை. அதனால் அதற்கான அளவை யோசித்து நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹென்றி ஷூ 1993இல் செய்த பிரிவினை இதற்குக் கொஞ்சம் உதவும். பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு. எங்கள் பயணம் முழுவதுமே இரண்டாவது வகை, அதில் ஒளிக்க எதுவுமில்லை. ஆனால் சொகுசு என்பதாலேயே ஒன்று பாவமாகிவிடுமா? அந்த ஊரே எங்களைப் போன்றவர்களால் சாப்பிடுகிறது. மலையைப் பார்க்க ஆசைப்படுவது மனிதர்களின் மட்டமான ஆசைகளில் ஒன்றும் அல்ல.

அந்தப் பனியாற்றின் மாவோரிப் பெயர் ‘ஹினே ஹுகாதெரேயின் கண்ணீர்’ என்று பொருள்படும். ஹினே மலையேறுவதில் பிரியமுள்ளவள். காதலன் வாவேயையும் வற்புறுத்தி அழைத்துப் போகிறாள். பனிச்சரிவு அவனைக் கொண்டுபோகிறது. அவள் அழுத கண்ணீர் உறைந்து பனியாறாகிறது. கதை அவளைத் தண்டிக்கவில்லை, மலையை நேசித்தது தப்பு என்றும் சொல்லவில்லை. ஆசை ஒருவருடையது, விலை கொடுத்தவர் இன்னொருவர் என்பதை மட்டும் மறக்கவிடாமல் பெயரிலேயே வைத்திருக்கிறது. எங்கள் புகையின் விலையைக் கொடுக்கப்போகிறவர்களும் வண்டிக்குள் இல்லை. அவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை.

நாங்கள் ஹெலிகாப்டரில் ஏறவில்லை. சென்டினல் ராக் என்ற பார்வையிடம் வரை நடந்து, தூரத்தில் மங்கலாகத் தெரிந்த பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவளுக்கு அதில் வருத்தம். தூரத்திலிருந்து பார்த்ததே போதுமென்றாகிவிட்டது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை, போதவில்லைதான். ‘ஃபிளைட்ல வந்தாச்சே’ என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஏற்கெனவே ஏற்றிய பாரம் இன்னும் ஏற்றுவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. ஆனால் அது, ஏறாமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையையும் எடுத்துவிடுகிறது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. புகைக்கும் ஒரு தொட்டி இருக்கிறது, அதையும் நாமே சுமந்துபோய்க் கொட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுவது. அடிக்கடி போவதைவிட எப்போதாவது போய் நிறைய நாள் தங்குவது. பத்து இடத்தைத் தொடுவதைவிட மூன்று இடத்தில் இருப்பது. இது உலகத்தைக் காப்பாற்றாது என்பதில் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் சொன்னது சரி, சட்டம்தான் வேண்டும். ஆனால் கழிவுத் தொட்டிச் சட்டமும் தானாக வரவில்லையே. இது போதும், இதற்கு மேல் கூடாது என்று முதலில் சிலர் நினைத்திருக்க வேண்டும். புகையின் விஷயத்தில் அந்தச் சிலராக இருப்பதற்கு நாங்கள் தூய்மையானவர்களாக இருக்க வேண்டியதில்லை, எங்கள் கணக்கை எழுதிவைத்தால் போதும் என்று நான் நம்புகிறேன். அந்த எல்லையை நான் ஹெலிகாப்டரில் வைத்தது சரியான இடம்தானா என்பதில் மட்டும் அவள் இன்னும் என்னோடு உடன்படவில்லை.