ஒரு வாக்கும் இரு வினாக்களும்: வேட்பாளர் தெரிவில் அறம்

மக்களாட்சியில் வேட்பாளரைத் தெரிவு செய்தல் உரிமை என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகிறது. அஃது அறத்தின்பாற்பட்ட செயலும் ஆகும். வாக்காளர் விரும்பும் கட்சி, குற்றவழக்குகளுக்கு உள்ளான ஒருவரை நிறுத்துமாயின் அவருக்கு வாக்களித்தல் பிழையாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' (51), 'தெரிந்து வினையாடல்' (52) ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்னது ஆளை ஆராய்ந்து நம்புதலையும் பின்னது அவரை உரிய வினையில் அமர்த்துதலையும் கூறும். 'சொல்வன்மை' (65) இவற்றினின்று விலகி அமைச்சியலில் இடம்பெறுகிறது. ஒருவரின் பெருமையையும் சிறுமையையும் அறிய அவர்தம் செயலையே வள்ளுவர் உரைகல்லாகக் கொள்கிறார், நாவன்மையை அன்று. தேர்தல் விவாதங்களைக் கேட்டு முடிவெடுப்போர் இவ்வைப்புமுறையைக் கருதுதல் தகும்.

எனினும் வள்ளுவர் காட்டும் அரசனின் நிலை வேறு. வாக்காளரின் நிலை வேறு. ('வாக்காளரே மன்னர்' என்பது மேடைக்கு மட்டும் பொருந்தும் தொடர்.) அரசன் பலரையும் ஆராய்ந்து வினைதோறும் ஒருவரை அமர்த்துகிறான். வாக்காளரோ கட்சிகள் முன்னரே தேர்ந்து நிறுத்தியவருள் ஒருவரைத் தேர்கிறார். மக்களவைத் தேர்தலில் அவ்வொரே வாக்கு, தொகுதியின் உறுப்பினர் யார், ஒன்றிய ஆட்சி யாரிடம் என்னும் இரு வினாக்களுக்கும் விடையாகிறது. தலைவர்களின் சொற்போர் இரண்டாம் வினாவிற்கே பயன்படும்.

சட்டமும் இம்முரணைத் தீர்க்கவில்லை. 1985ஆம் ஆண்டின் 52ஆம் அரசமைப்புத் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன்பின் கொறடாவின் ஆணைக்கு மாறாக அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். உறுப்பினரின் மனச்சான்றுக்குரிய இடம் இவ்வாறு சுருங்கியபின், ஆளை விடுத்துக் கட்சியையே நோக்கும் வாக்காளரை அறியாதவர் எனல் பொருந்தாது. ஆனால் 2002 மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேட்பாளரின் குற்றவழக்கு, சொத்து, கல்வி ஆகியவற்றை அறிதல் வாக்காளரின் உரிமை என்றது. ஒன்று கட்சியைப் பார்க்கச் செய்கிறது; மற்றொன்று ஆளைப் பார்க்கச் சொல்கிறது.

இம்முரணைக் காட்டி வாக்காளர் தம் பொறுப்பினின்று முற்றிலும் விலகுதல் இயலாது. கொறடாவின் ஆணை அவைக்குள் மட்டுமே செல்லும். தொகுதியில் யாருடைய மனுவுக்குப் பரிந்துரை கிடைக்கும், காவல் நிலையத்தில் யாருக்காகக் குரல் எழும், மேம்பாட்டு நிதி எத்தெருவைச் சேரும் என்பனவெல்லாம் உறுப்பினரின் இயல்பைப் பொறுத்தன. அவர் அஞ்சத்தக்கவராயின் அதன் சுமை, அவரை அணுக இயலாத எளியோர்மீதே விழும். ஆட்சியைக் கருதி அத்தகையவருக்கு வாக்களிப்பவர், தம் விருப்பத்தின் விலையை அயலார் செலுத்துமாறு செய்கிறார். இதனை எண்ணிப்பாராமையே பிழை.

பிழையின் பெரும்பங்கு வேட்பாளரை நிறுத்துவோரைச் சாரும். குற்றவழக்குள்ளவரைத் தேர்ந்ததற்கான காரணத்தைக் கட்சிகள் வெளியிடவேண்டும் எனவும், வெற்றிவாய்ப்பு மட்டுமே காரணமாகாது எனவும் 2020 பிப்ரவரி 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டுப் பீகார்ச் சட்டமன்றத் தேர்தலில் இதனைப் பின்பற்றாத கட்சிகள் சிலவற்றுக்கு 2021 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே தண்டத்தொகை விதித்தது.