அன்பும் கற்பனையும்

கிறித்துவ வேதத்திற் கற்பனை என்பது கட்டளையைக் குறிக்கும். மோசே வாயிலாகத் தரப்பட்ட பத்துக் கற்பனைகளுள் தாய் தந்தையரைக் கனம்பண்ணுதல் ஒன்று. அதனைக் கத்தோலிக்கர் நான்காவதென்றும், சீர்திருத்த சபையாருட் பெரும்பாலார் ஐந்தாவதென்றும் எண்ணுவர். எண் எதுவாயினும் ஆகுக. இறைவனை முழுநெஞ்சோடு நேசித்தல், பிறனைத் தன்னைப்போல் நேசித்தல் என்னும் இரண்டனுள் எல்லாக் கற்பனைகளும் அடங்கும் என்பது ஏசுநாதர் போதனை.

அற்றேல், அன்புடையானுக்குக் கற்பனை மிகையாமோ எனின், சைவ நூலும் இவ்வினாவை விலக்கிச் சென்றதன்று. அன்பர்பால் நிகழ்ந்த பழி நன்றாய் முடிதலையும், அன்பிலார் புண்ணியம் தீதாய் முடிதலையும் சிவஞான சித்தியார் துணிந்து கூறிற்று. அதற்குக் காட்டிய சான்றுகள் தக்கன் வேள்வியும், தந்தை தாளைத் துணித்த சேய்ஞலூர்ப் பிள்ளையார் செயலுமாம்.

இத்துணிபு எவர் கையிலும் தரத்தக்கதன்று. தந்தையைத் தம்மினும் மிகுதியாக நேசிப்பவன் தமக்குத் தக்கவனல்லன் என்று மத்தேயு சுவிசேஷத்திற் கூறும் ஏசுநாதரே, மாற்கு சுவிசேஷத்தில், பெற்றோர்க்கு உதவவேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது இறைவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லி அவர்களைக் கைவிட்டாரைக் கடிந்தார். அவர்களும் இறைவன் பெயரையே சொன்னார்கள். சந்திரசூடேசுவரர் எழுந்தருளிய மலையைச் சூழ்ந்து வளர்ந்த ஓசூரில், 1970-களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டையை நாடி வெளியூர்களினின்று வந்து உழைப்பவர் சைவரும் கிறித்துவருமாய்ப் பலர். சம்பளத்தில் ஒரு பகுதியைத் தேர்த்திருவிழாவுக்கோ மாதா கோயிற் பணிக்கோ ஒதுக்குதல் நன்றே. ஊரிலிருக்கும் முதிய பெற்றோர்க்கு அனுப்பும் பணத்தை நிறுத்தி அதனை ஒதுக்குவராயின், அது கொர்பானே. திருநீறு பூசிய கை தந்தாலும் அதற்கு வேறு பெயரில்லை.

பிள்ளையார் செயல் இதனின் வேறாதல் யாங்ஙனம்? கொர்பான் சொன்னவன் தன்மேல் நின்ற கடனினின்று தப்பினான். அன்பு அவனுக்கு ஒரு சாக்கு. பிள்ளையாரோ தமக்கென எதனையும் காத்திலர். பூசைக்கு வைத்த பாற்குடத்தை இடறிய கால் தந்தையுடையதென்று அறிந்தும் அவர் தயங்கிற்றிலர். பூசையில் ஒன்றிய உள்ளத்தில் மீறுவேன் என்னும் எண்ணத்துக்கு இடம் ஏது? ‘எனக்கு அன்புண்டு, ஆதலின் விதி வேண்டா’ என்று எண்ணிப் பார்ப்பவன், அங்ஙனம் எண்ணும்போதே அந்நிலைக்கு அயலாவான்.

இன்னும் ஒன்றுண்டு. மழுவால் வெட்டுண்ட எச்சதத்தனும் குற்றம் நீங்கிச் சுற்றத்தோடு சிவலோகம் அடைந்தான் என்று சேக்கிழார் அருளியிருக்கின்றார். சண்டேசுவரர் சரிதத்தைப் பிரசங்கிப்பவர் சிலர் இப்பகுதியை ஏனோ விட்டுவிடுகின்றனர்.